தொண்ணூறு நாள் பூட்டு

ஐலா: ...அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியை எடுத்துட்டுப் போகத்தானே வந்தே? அதைச் சொல்ல ரெண்டு கப் காப்பியா?

யூர்க்கி: அதான் சொல்லிட்டேனே அக்கா. எங்க வெப்சைட் கம்பெனியில, இறந்து போனவங்க பேர்ல இருக்கற கணக்கெல்லாம் இந்த மாசத்தோட மூடறாங்க. அர்மாஸ் அண்ணன் ஏரிக்காக நடத்தின வெப் பக்கமும் அதுல ஒண்ணு.

ஐலா: பெட்டி சவுனாக் குளியலறையில, துண்டு மாட்டற ஆணிக்குக் கீழ இருக்கு. எடுத்துக்கோ. ஆனா அதுக்கு கரண்ட் கிடையாது.

யூர்க்கி: எப்பலேருந்து?

ஐலா: மே மாசத்திலேருந்து. என் புருஷனைப் புதைச்சிட்டு வந்த அன்னிக்கே பிளக்கைப் பிடுங்கிட்டேன்.

யூர்க்கி: ம்... மே மாசமா...

ஐலா: என்ன, வாயில கொழுக்கட்டையா?

யூர்க்கி: இல்ல, உங்க புல்லா ரொட்டி. ஏலக்காய் தூக்கலா போட்டிருக்கீங்க... நல்லாருக்கு.

ஐலா: மழுப்பாதே. அந்த நோட்டு மேல கப்பை வைக்காதே, அது அவரோடது. அந்தப் பெட்டிதானே பூட்டு போடற பெட்டி?

யூர்க்கி: ஆமா. வெப்சைட் பேருக்குப் பக்கத்துல வருமே, அந்தப் பூட்டு.

ஐலா: அதெல்லாம் எனக்கு அத்துப்படி. நாப்பது வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கேன். சான்றிதழ் தர்றவங்க ஒரு சொல்லைக் குடுப்பாங்க. 'இந்த வெப்சைட் பேர் உன்னுதுன்னா, இதை உன் பேருக்குக் கீழ டிஎன்எஸ்ல எழுதிக் காட்டு'ன்னு. டிஎன்எஸ்னா இன்டர்நெட்டோட பேர்ப் பதிவேடு. எழுதினா பூட்டு. தொண்ணூறு நாள் தாங்கும். அதுக்குள்ள மறுபடி எழுதணும். மனுஷன் மறந்துடுவான்னுதான் அர்மாஸ் அந்த வேலையைப் பெட்டிகிட்ட விட்டார். சரியா?

யூர்க்கி: எங்க ஆபீஸ்ல பாதிப் பேருக்கு இவ்வளவு தெரியாதுக்கா.

ஐலா: அப்ப கேளு. பிளக்கைப் பிடுங்கியாச்சு. ஆகஸ்டுக்குள்ள பூட்டு உடைஞ்சு, 'இந்தப் பக்கம் பாதுகாப்பில்ல'ன்னு சிவப்பா வரணும். நாளெண்ணிட்டு உக்காந்திருந்தேன். வரல.

யூர்க்கி: ம்.

ஐலா: ஜூலை பதினொண்ணு, காலையில அஞ்சே முக்காலுக்குப் புதுச் சான்றிதழ். அப்புறம் செப்டம்பர். நவம்பர். இந்த ஜனவரி. நாலு தடவையும் அதே அஞ்சே முக்கால்.

யூர்க்கி: அது எப்படி உங்களுக்கு...

ஐலா: பூட்டைத் தொட்டா தேதி, மணி எல்லாம் காட்டுது. என் கண்ணு இன்னும் அவிஞ்சு போகல. அஞ்சே முக்கால் யார் எழுந்திரிக்கற நேரம், சொல்லு?

யூர்க்கி: ...அண்ணன்.

ஐலா: டிஎன்எஸ்ல எழுத ஒரு ரகசியச் சாவி வேணும்னு சொல்லுவார். அது எங்க இருக்கு?

யூர்க்கி: பெட்டிக்குள்ள. அதுல மட்டும்தான்.

ஐலா: பெட்டி செத்துக் கிடக்கு. சாவி வச்சிருந்தவர் சர்ச்சுக்குப் பின்னால கிடக்கார். அப்ப எழுதறது யாரு?

யூர்க்கி: ஜன்னலைக் கொஞ்சம் திறக்கட்டுமா? புழுக்கமா இருக்கு.

ஐலா: பிப்ரவரியிலயா? திற, திற. கூரைப் பனி உருகிச் சொட்டற சத்தம் கேக்கும். கிறிஸ்துமஸ்லேருந்து இதே சொட்டுதான்.

யூர்க்கி: அக்கா... பூட்டு கிடக்கட்டும். நான் ஒண்ணு கேக்கறேன். அண்ணனோட வெப் பக்கத்துல தினமும் ஏரி ஐஸ் கனம் எத்தனை சென்டிமீட்டர்னு வருதே... அதை யார் போடறா?

ஐலா: அர்மாஸ்.

யூர்க்கி: விளையாடாதீங்க.

ஐலா: பூட்டு போடத் தெரிஞ்சவருக்கு, கனம் போடத் தெரியாதா?

யூர்க்கி: நீங்கதான் காலையில போய்த் துளை போட்டு அளக்கறீங்கன்னு நினைச்சிட்டிருந்தேன். இன்காகூட என்னை ஏசினா. 'ஐலா அத்தை இந்த வயசுல ஐஸ்ல நடக்கறாங்க, நீங்க தபால் பெட்டிக்கே கார்ல போறீங்களேப்பா'ன்னு.

ஐலா: உன் மக சொன்னதுல தப்பே இல்ல. தொப்பையைப் பாரு.

யூர்க்கி: அவ இப்ப வந்துட்டிருப்பா, என்னைக் கூட்டிட்டுப் போக. காலையில பஸ்ல சுத்திட்டுத்தானே வந்தேன்? அவ உறைஞ்ச ஏரி மேலயே கார்ல வந்துடறேன்னா. இன்னிக்கு நாப்பத்தொண்ணுன்னு போட்டிருக்கே. காருக்கு நாப்பது போதும்.

ஐலா: நாப்பத்தொண்ணுன்னா வரட்டும். ஐஸ் உடைஞ்சா வெளிய குதிக்கத் தோதா, பெல்ட் போடாம, கண்ணாடியை இறக்கிட்டு வரச் சொன்னியா?

யூர்க்கி: ஏரிக்கரையில பொறந்தவளுக்கு அதைச் சொல்லணுமா? ...ஆனா தைஸ்தோ நேத்து கடையில ஒரு மாதிரி சொன்னார். ஐஸ்ல ட்ரில் சட்டுனு இறங்கிருச்சாம்.

ஐலா: அவன் ஓடை விழற இடத்துல மீன் பிடிக்கறவன். அங்க ஐஸ் எப்பவும் இளசுதான். அர்மாஸ் சொல்றதை நம்புவியா, தைஸ்தோ சொல்றதையா?

யூர்க்கி: நீங்க இப்படிப் பேசறதுதான்கா பயமா இருக்கு... செவ்வாய்க்கிழமை வெப் பக்கத்துல என்ன எழுதியிருந்தது, பாத்தீங்களா?

ஐலா: 'முப்பத்தொம்பது. தெற்குக் காத்து. ரெக்கு முன்னால ஓடுது.'

யூர்க்கி: உங்க நாய் ரெக்குவை செப்டம்பர்லயே ஆப்பிள் மரத்தடியில புதைச்சாச்சு. குழி வெட்டினதே நான்தான்.

ஐலா: ஆமா. நல்ல ஆழமா வெட்டினே.

யூர்க்கி: அப்ப எந்த ரெக்கு ஓடுது?

ஐலா: அவர் போன இடத்துக்குத்தானே அதுவும் போச்சு.

யூர்க்கி: அக்கா, அதைப் படிச்சதுலேருந்து எனக்குத் தூக்கமில்ல. பெட்டி ஒரு சாக்கு. அதைக் கேக்கத்தான் வந்தேன்.

ஐலா: எனக்கும் முதல்ல அப்படித்தான் இருந்தது. ஜூலையில, தனியா உக்காந்து அவர்கிட்ட சொன்னேன். 'பூட்டு உடைஞ்சா நீங்க போயிட்டீங்கன்னு அர்த்தம், நானும் விட்டுடறேன். உடையலைன்னா நீங்க இருக்கீங்க, நடக்கறது உங்களுக்குச் சம்மதம்'னு. உடையல. நாலு தடவை சம்மதம் சொல்லிட்டார்.

யூர்க்கி: எதுக்குச் சம்மதம்? எதை விட்டுடறேன்னு சொன்னீங்க?

ஐலா: நீ ஏன் காப்பியைக் கலக்கிட்டே இருக்கே? அதுல சர்க்கரையே போடல.

யூர்க்கி: திட்ட மாட்டீங்களே?

ஐலா: சொல்லு.

யூர்க்கி: பூட்டு... நான்தான்.

ஐலா: என்ன நீதான்?

யூர்க்கி: சாவி பெட்டியில மட்டும்தான்னு சொன்னது பொய். ஆபீஸ்ல என்கிட்ட எல்லா வெப்சைட் பேருக்கும் சாவி இருக்கு. பெட்டி நின்னுட்டது ஜூன் கடைசியிலயே தெரிஞ்சுது. நீங்க வயசான காலத்துல தினமும் ஏரிக்குப் போய், கோடையில தண்ணிச் சூடு, குளிர்ல ஐஸ்னு அளந்து போடறீங்க, பூட்டு போனா ஒருத்தரும் பாக்க மாட்டாங்களேன்னு... அந்தச் சொல்லை நானே கையால எழுதினேன். பெட்டி எழுதற நேரத்துலயே எழுதினேன், ஆபீஸ்ல யாரும் கேக்கக் கூடாதுன்னு.

ஐலா: நாலு தடவையுமா?

யூர்க்கி: நாலும்தான்.

ஐலா: அவர்... ஒரு தடவைகூட இல்லையா?

யூர்க்கி: இல்லக்கா. மன்னிச்சிருங்க. நல்லதுன்னு நினைச்சுத்தான்... ஏன் எழுந்துட்டீங்க?

ஐலா: இன்கா எத்தனை மணிக்குக் கிளம்பினா?

யூர்க்கி: பதினொண்ணுக்கு. அதோ பாருங்க, தீவுகிட்ட ரெண்டு விளக்கு. அவதான்... அக்கா, அந்த நோட்டை ஏன் எடுக்கறீங்க?

ஐலா: ஃபோனை எடு.

யூர்க்கி: அஞ்சு நிமிஷத்துல வந்துடுவா...

ஐலா: எடுடா ஃபோனை! தீவுல ஏறி நிக்கச் சொல்லு. இந்தப் பக்கம் ஒரு அடி வரக் கூடாது.

யூர்க்கி: மணி அடிக்குது... எடுக்க மாட்டேங்கறா. என்னக்கா, என்ன ஆச்சு? நாப்பத்தொண்ணுன்னுதானே போட்டிருக்கு?

ஐலா: பிப்ரவரி பதினாலு, நாப்பத்தொண்ணு. இதோ அவர் கையெழுத்து. போன வருஷத்து நோட்டு. தினமும் காலையில இதைப் பாத்து வெப் பக்கத்துல எழுதறது நான்தான், யூர்க்கி... இந்தக் குளிர்காலம் பூரா நான் ஐஸ்ல கால் வைக்கவே இல்ல. விடாம ஃபோன் அடி.