கோயிலுக்கு நேரே நின்ற எண்கள்

இலுப்பைக்கடவையிலிருந்து மன்னாருக்கு வரும் பஸ்ஸில், முன் சீட்டில் லப்டொப்போடு இருந்த பொடியன் பக்கத்து அக்காவிடம் சொன்னான்:

“பெட்டி இன்னும் கதைக்குது அக்கா. அதின்ர பாஷைதான் எனக்கு விளங்கேல்ல.”

பின் சீட்டிலிருந்த நான் ஹெட்போனைக் கழற்றிவிட்டேன். கம்பஸில் இந்த மாதிரிக் கருவிகளைப் பற்றிப் படித்தவன் நான், காது சும்மா இருக்குமா?

அவர்கள் கதைத்ததிலிருந்து விளங்கியது இது: அக்காவின் புருஷன் முந்தநாள் ஓலைத்தொடுவாயிலிருந்து கடலுக்குப் போனவர், திரும்பவில்லை. ஊர்ப் படகுகள் கிழக்கே தேடுகின்றன. அவருடைய படகிலுள்ள, இடம் காட்டும் பெட்டி மட்டும் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கிறது. விற்ற கொம்பனி மூடிவிட்டதால், அதை இடமாக மாற்றிக் காட்ட ஆளில்லை; வருவதெல்லாம் வெறும் எண்கள்.

“இதில எது இடம் எண்டு பிடிச்சாப் போதும்,” என்றான் பொடியன். “அவர் ஒவ்வொரு நாளும் கடல்ல தவறாமச் செய்யிறது ஏதும் இருக்கோ?”

“கரையில இருக்கிற எங்கட வேதக் கோயிலுக்கு நேர வந்ததும் இஞ்சினை நிப்பாட்டிச் சிலுவை போடுவார். நேரம் போகுதெண்டு நான்தான் ஏசுறனான்.”

பொடியன் பழைய செய்திகளைக் கிளறினான்.

“இஞ்ச பாருங்கோ. எல்லாக் காலமையும் இந்த ரண்டு எண்ணும் ஒரே மாதிரி வந்து, கொஞ்ச நேரம் அசையாம நிக்குது. இதுதான் கோயில். புறப்பட்ட கரையும் தெரியும். ரண்டையும் வைச்சு இப்ப அவர் நிக்கிற இடத்தை அளக்கலாம்.”

பஸ் பாலத்தில் ஏறியது.

“மேற்கால நிக்கிறார் அக்கா.”

அக்கா ஃபோனை எடுத்தார். “அண்ணை, படகுகளை மேற்கால திருப்பச் சொல்லுங்கோ.” பிறகு அவனிடம், “இப்பவும் எண் மாறுதோ?”

“ஓம், மெல்ல மெல்ல. படகு மிதக்குது.”

“வரட்டும்,” என்றார் அக்கா. “இனி அதுக்கு ஏசமாட்டன்.”