பைக்குள்ளே தைத்த துண்டு

— அந்தப் பையில என்னடி குறை, லம்வாகா? ஜிப் கொஞ்சம் கோணலாயிடுச்சு, அனுப்ப முடியாது. உன் பொண்ணு பள்ளிக்கூடத்துக்கு எடுத்துட்டுப் போகட்டும்னுதானே குடுத்தேன்?

— ஜிப்பைப் பத்தி யாரு பேசினா, பிலோயாக்கா? உள்ள தைச்சிருந்த துணித்துண்டைப் பத்திக் கேக்கறேன். அதுல என்ன எழுதியிருக்கு?

— உன் கதைதான். வெளிநாட்டுல வாங்கறவங்களுக்கு யாரு தைச்சாங்கன்னு தெரிய வேணாமா?

— துவைக்கிற முறைன்னு நெனச்சேன்க்கா! வெந்நீர் ஆகாது, நிழல்ல காயப்போடு, அந்த மாதிரி. முந்நூறு பையில என் கையாலயே தைச்சேன். பிரியக் கூடாதுன்னு ரெட்டைத் தையல் வேற!

— உன்னைக் கேட்டுத்தானேடி எழுதினாங்க? பை வாங்கறவங்க அனுப்பின அந்த வெள்ளைக்காரப் பொண்ணு வந்தா, நீ சொல்லச் சொல்ல நான் மொழிபெயர்த்தேன். கைநாட்டு வச்சியே.

— அழுதுக்கிட்டே சொன்னேன். ஆறுதலுக்குக் கேக்கறான்னு நெனச்சேன். அச்சடிப்பான்னு யாரு கண்டா?

— உன் பொண்ணு லாக்கேர் வாசிச்சுட்டாளா?

— இங்கிலீஷ்ல வகுப்புக்கே அவதான் முதல். வாசிக்காம இருப்பாளா? எனக்கே வாசிச்சுக் காட்டினா. "இவளைச் சின்ன வயசுல கிளர்ச்சிக்காரங்க தூக்கிட்டுப் போனாங்க. காட்டுல ஒரு தளபதிக்குப் பொண்டாட்டி ஆக்கினாங்க. அவனுக்கு ஒரு மகளைப் பெத்தா." உங்கப்பா வாத்தியாரு, காய்ச்சல்ல போயிட்டாருன்னு சொல்லி வளர்த்த புள்ளை அது.

— ஐயோ கடவுளே. என்ன சொன்னா?

— கடலை அரைச்சு விட்டு மலக்வாங் கீரை வச்சேன், தொடல. மூணு நாளா கண்ணாடியில தன் மூஞ்சியையே பாத்துட்டு நிக்கிறா. யாரைத் தேடறாளோ. பாக்க முடியலக்கா என்னால.

— சரி, கத்தரிக்கோலைக் கீழ வை. கிடங்குல இருக்கற பையில எல்லாம் அந்தத் துண்டை நீ வெட்டிட்டா நாளைக்கு லாரிக்காரனுக்கு என்ன பதில் சொல்வேன்? துண்டு இல்லாத பையைத் திருப்பி அனுப்பிடுவாங்கடி. கதைக்காகத்தான் வாங்கறாங்க. பை அவங்க ஊர்ல கிடைக்காதா? இருபத்திரண்டு வீட்டு அடுப்பு இதை நம்பி எரியுது. நான் என்ன செய்யட்டும், நீயே சொல்லு.

— மேசை மேல என்ன, புதுத் துண்டுக் கட்டா?

— அடுத்த சரக்குக்கு. நம்மகூடத் தைக்கிற அக்வேரோவோட கதை, லாலாமோட கதை. அவங்களும் காட்டுல இருந்து வந்தவங்கதானே.

— என்ன எழுதியிருக்குன்னு அவங்களுக்குத் தெரியுமா?

— நீ கேட்டப்புறம்தான் யோசிக்கிறேன். தெரியாதுடி.

— அக்வேரோ பையன் வாசிப்பானா?

— இப்பதான் எழுத்துக் கூட்டறான்.

— அப்போ நான் எதையும் வெட்டல. அந்தக் கட்டைத் தூக்கி அடுப்புல போடுங்க. இனிமே எல்லார் பையிலயும் என் கதையையே போடச் சொல்லுங்கக்கா. என் வீட்லதான் வாசிச்சு முடிச்சாச்சே.