பக்கத் தையல்

அட்டன் மலைக் குளிரில் துணி வெயிலில் காய்வதில்லை. அடுப்புக்கு மேலே கயிறு கட்டித்தான் உலர்த்துவோம். பஜாரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். இதைச் சொல்லாவிட்டால் மற்றது உங்களுக்கு விளங்காது, ஐயா.

மனோரஞ்சிதம் என் அண்ணன் மகள். பதினாறு வயது. தாய் இறந்த பிறகு அவளையும் தங்கை ரத்னாவையும் நான்தான் வளர்த்தேன். அண்ணன் கீழே கடையில் இருப்பார். நான் மேல்வீட்டில் தையல் மிஷினோடு இருப்பேன்.

ஆவணியில் கண்டியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"பொண்ணு லட்சணந்தாங்க. எங்க பய கொழும்புல பேசும்படம் பாத்துக் கெட்டுக் கெடக்கான். கொடியாட்டம் வேணுமாம். தைக்குள்ள கொஞ்சம் இளைச்சா பேசலாம்."

கதவுக்குப் பின்னால் நின்று ரஞ்சிதமும் கேட்டாள். மறுநாள் காலை தோசையைப் பாதியில் வைத்தாள். அடுத்த வாரம் பழையபடி சாப்பிட்டாள். பசிக்கிற வயது.

என் புருஷன் ஒரே வருடத்தில் என்னை அண்ணன் வீட்டில் விட்டுவிட்டுப் போனார். காரணம் சொல்லவில்லை. என் பருத்த உடம்பைப் பார்த்தாலே தெரியும். அந்தக் கதி அவளுக்கு வரக்கூடாது.

நான் அடிக்கவில்லை. தட்டைப் பிடுங்கவில்லை. கயிற்றில் காய்ந்த அவளுடைய ரவிக்கைகளை எடுத்து, பக்கத் தையலைப் பிரித்து, ஒரு நூல் அளவு உள்ளே தள்ளித் தைத்தேன்.

"அத்தை, இறுக்குது."

"ஒடம்பு வச்சிருக்கும்மா."

அன்று முதல் காலையில் தேநீர் மட்டும் குடித்தாள். அடுத்த சலவையில் இன்னும் ஒரு நூல் பிடித்தேன்.

"அக்கா, குச்சிக்குப் பாவாடை கட்டுனாப்ல இருக்க," என்று ரத்னா கேலி செய்தாள்.

"அப்ப ரவிக்கை ஏன்டி ஏற மாட்டேங்குது?"



பிறகு தேநீரையும் விட்டாள். தோசைக்கல் சத்தம் கேட்டாலே எழுந்து கொல்லைக்குப் போய்விடுவாள். ஒருநாள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் ஒண்ணுமே திங்கலையே அத்தை. உள்ளுக்குள்ள என்னமோ வளருதா?"

பயப்படாதே என்றேன். நாடாவால் அளந்து பார்க்கச் சொன்னாள். தொலைந்துவிட்டது என்றேன். அது என் மடியில் இருந்தது.

மார்கழியில் ஒரு காலை, கொல்லையில் மலைத்தண்ணீர் கொட்டும் பீலியில் குடம் பிடிக்கப் போனவள் விழுந்தாள். நான் போனபோது குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அவள் மேலும் தண்ணீர் ஓடியது. பிறகு அவள் எழுந்திருக்கவே இல்லை.

டாக்டர் ரவிக்கையைக் கத்தரித்துத்தான் எடுத்தார். பக்கத்தில் வரிசை வரிசையாகப் பழைய ஊசித் துளைகள். அதைப் பார்த்துத்தான் நீங்கள் என்னைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டீர்கள். ஆமாம், எல்லாம் என் ஊசிதான். அவளுக்கு உடம்பு வைக்கவே இல்லை.

ரத்னாவைப் பற்றிக் கேட்டீர்கள். அவளுக்குப் பதின்மூன்று வயது. அவள் துணியை நான் தொட்டதில்லை. மிஷினையும் நீங்கள் எடுத்துப் போய்விட்டீர்கள். ஆனாலும் இப்போது அவளும் காலையில் தட்டைத் தள்ளிவைக்கிறாள். இறுக்குகிறதாம்.

அக்காவைவிடப் புத்திசாலி. நான் ஒன்றும் செய்யாமலே புரிந்துகொண்டாள்.