நாற்காலியின் கால்கள்

எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்வது எனக்குப் பிடிக்காது. அதனால் கேட்டதற்கு ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன், ஐயா. குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் மட்டும் கொடுங்கள்.

என் வீட்டுக்காரர் நுரையீரலில் சளி கட்டித் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் கிடந்தார். தொண்டையில் குழாய், மூச்சுக்கு மெஷின். பிழைத்து வீட்டுக்கு வந்தபோது கால் இரண்டும் குச்சியாகியிருந்தன. பயிற்சி கொடுக்க வாரம் ஒருமுறை ஒரு தம்பி வருவார். பிசியோ தம்பி என்போம். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ வேண்டும், உட்கார வேண்டும். அதுதான் முதல் பாடம்.

"நாற்காலிய மட்டும் மாத்தாதீங்கக்கா," என்றார். "உயரம் குறைஞ்சா எழுந்திரிக்கிறது கஷ்டம்."

நல்ல பிள்ளை. அவர் சொல்லாவிட்டால் எனக்கு எப்படித் தெரியும்?

குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் காலில் சக்கரம் கட்டிக்கொண்ட மனுஷர். லாரிப் பட்டறைதான் உலகம். வீட்டுக்கு வருவது சட்டை மாற்ற. நான் வாயைத் திறந்தால் வெளியே கிளம்பச் செருப்பைத் தேடுவார். அப்படிப்பட்டவர் இப்போது நான் தலை சீவிவிடக் காத்திருந்தார். சாயங்காலமெல்லாம் நான் பேசுவதை உம் கொட்டிக் கேட்டார். எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா.

ஆனால் மனுஷர் தேறிக்கொண்டே வந்தார். மத்தியானம் அவர் தூங்கும்போது நாற்காலியைப் பின்பக்கம் கொண்டுபோய்க் கால்களைக் கொஞ்சம் அறுத்தேன். விரல் கனம்தான். நான்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆடும், பாவம், விழுந்துவிடுவார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ரப்பர் மூடிகளைத் திரும்ப மாட்டினேன். அவர் தேறும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம்.

ஒருநாள் எழப் பார்த்து, முடியாமல், குழந்தை மாதிரி அழுதார். "போன வாரம் முடிஞ்சுதேடி. எனக்கு என்னாச்சு?"

"உசிரோட இருக்கீங்களே, அது போதாதா," என்று கண்ணைத் துடைத்துவிட்டேன். எனக்கும் அழுகை வந்தது.

பிறகு பரிசோதனைக்காக மருத்துவமனை போனோம். கூப்பிட்டதும் அங்கிருந்த நாற்காலியிலிருந்து ஒரே மூச்சில் எழுந்து நின்றார். கையை ஊன்றவே இல்லை. தாழ்ந்த நாற்காலியோடு மல்லுக்கட்டியே கால் உரமேறியிருக்கிறது. அது எனக்குத் தோன்றவே இல்லை.

"பாத்தியாடி! நாளைக்கே பட்டறைக்குப் போறேன்," என்றார். பக்கத்திலிருந்தவர்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

வீட்டுக்கு வந்து அவர் படுத்ததும், குளியலறையில் அவர் பிடித்துக்கொள்வதற்காகச் சுவரில் பொருத்தியிருந்த கம்பியின் திருகாணிகளைக் கழற்றி, துளைகளில் சும்மா செருகி வைத்தேன். காலையில் அதைப் பிடித்தார். இடுப்பெலும்பு போய்விட்டது. இனி நடப்பது சந்தேகம்தான் என்கிறார் டாக்டர். பார்க்க வந்த பிசியோ தம்பி நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு நேராக ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்திருக்கிறார்.

ஆமாம், எல்லாம் நான்தான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள், ஐயா. விழுந்துகிடந்தபோது மனுஷர் பட்டறை ஆட்களைக் கூப்பிடவில்லை, கூடப்பிறந்தவர்களைக் கூப்பிடவில்லை. என்னைத்தான் கூப்பிட்டார். என்னை விட்டால் அவருக்கு வேறு யார் இருக்கிறார்கள்?