ஓரமேடைக்கு நேரம் குறித்தவர்

பேருந்துப் பணிமனை ஓய்வறையில் தங்கசாமி அண்ணனின் பணிநிறைவு விழாவுக்கு இன்று கூடியிருப்போர்: முன்வரிசையில் அண்ணனும் அண்ணியும், வலப்புறம் கிளை மேலாளர், இடப்புறம் லப்பைக்குடிக்காட்டு நாடகக் குழுவின் ஃபர்ஹாவும் தோழியரும், பின்வரிசைகளில் ஓட்டுநர், நடத்துநர்கள், கதவோரம் டியூட்டிக்குக் கிளம்பவேண்டியோர், நாற்காலி கொடுத்தும் மறுத்துவிட்டு டயர் அடுக்கின்மேல் அமர்ந்திருக்கும் மெக்கானிக் வீரமணி.

காலத்தைக் காத்த கண்ணியவானே! கலைக்குக் கதவு திறந்த காவலரே! நேரக்காப்பாளர் நாற்காலியில் நெடுங்காலம் நிமிர்ந்தமர்ந்த எங்கள் அன்பு அண்ணன் தங்கசாமி அவர்களே!

அரங்கம் கிடைக்காத ஊர்க்கலைஞர்கள் கல்யாண மண்டபத்துப் பந்திக்கூடத்திலும், சந்தைக் கொட்டகையிலும், பூட்டிக்கிடந்த அரிசி ஆலையிலும் ஆட வழிசெய்து, ஓரமேடைத் திருவிழா எனப் பெயரிட்டு, தை பிறந்தால் தவறாமல் நடத்தினீர்கள். தேர்வுக்குழு கிடையாது, பெயர் கொடுத்தவரெல்லாம் குலுக்கலில் சீட்டெடுத்து, சீட்டில் விழுந்த இடத்தில் விழுந்த வேளையில் ஆடவேண்டும் என்பதே உங்கள் விதி. வெளியூர்க் குழுவினர் நம் வீடுகளில் தங்கி, ஒளியமைப்பும் ஒப்பனையும் நம்மவர்க்குப் பழக்கிவிட்டுப் போயினர். கோயில் திருவிழாவுக்கு மட்டுமே அழைக்கப்பட்ட கீழப்பழுவூர்ப் பறையாட்டக் குழுவை இன்று நாடகக்காரர்கள் ஆண்டு முழுதும் தேடிவருகின்றனர்.

முதலாண்டு, வளைகுடாவிலிருக்கும் கணவனின் அழைப்புக்குக் காத்திருக்கும் பெண்ணாக ஃபர்ஹா சந்தைக் கொட்டகையில் நடித்தார். கூட்டம் சொக்கி நிற்க, லப்பைக்குடிக்காட்டுக் கடைசி வண்டி புறப்படும் நேரமும் வந்தது. அமைச்சருக்கே வண்டியை நிறுத்தாத நீங்கள் அன்று நாடகம் முடியும்வரை நிறுத்தினீர்கள். மேலிடம் விளக்கம் கேட்டபோது, "என் தப்புதான் சார். அடுத்த வருசம் நாடகத்த பஸ்ஸுக்குத் தோதா வச்சுக்கிறேன்" என்றீர்கள். அதன்பின் ஒவ்வொரு நாடகமும் ஊர்வண்டிக்கு முன்னரே முடிந்தது. கிராமத்தார் குடும்பம் குடும்பமாக வரத் தொடங்கியதும் அதனால்தான்.

சென்ற மாதம் அரியலூர் விளம்பர நிறுவனம் ஒன்று, இவ்விழாவைத் தானே ஏற்று, அங்கே ஒற்றைப் பெருமேடை போட்டு, தேர்வான வெளியூர்க் குழுக்களை மட்டும் ஆடவிட்டு, நம்மவரை வரவேற்பு மேளத்துக்கு வைத்துக்கொள்வதாக எழுதியது. உங்கள் பணிநிறைவு நாளுக்குள் பதில் வேண்டுமாம். விழா கைமாறிவிடுமோ என்ற கவலையில் உங்கள் முகம் வாடியதை நாங்கள் கண்டோம். ஆனாலும், "நாளைக்கு நான் வெளியாளு. எனக்காக வேண்டாம்னு சொல்லாதீங்க. உங்களுக்கு எது வேணும்னு பாருங்க" என்று ஒதுங்கிக்கொண்டீர்கள்.

மறைப்பானேன், எங்களில் சிலருக்கு அந்த விளக்கு வெளிச்சத்தில் ஆசை இருந்தது. வீரமணிதான் கேட்டார்: "லைட்டு பிரமாதமாத்தான் இருக்கும். மேளத்த அடிச்சிட்டு கீழ எறங்கி நிக்கப்போறது யாரு? நாமதானங்க?"

ஃபர்ஹா நிதானமாகச் சொன்னார்: "தேர்வுக்குழு இருந்திருந்தா என்னைய வாசலோட அனுப்பியிருப்பாங்கண்ணே. இனிமே வர்ற எந்தப் புள்ளையையும் அப்படி அனுப்ப நான் ஒத்துக்க மாட்டேன்."

அனைவரும் கையொப்பமிட்டுப் பதில் எழுதினோம்: ஒற்றை மேடை வேண்டாம், தேர்வுக்குழு வேண்டாம், விளக்கு இருந்தால் கொண்டுவாருங்கள், ஆட விருப்பமிருந்தால் நீங்களும் சீட்டெடுங்கள்.

அண்ணலே! உடலுரம் குன்றாமல், உள்ளுவகை வற்றாமல், அண்ணியாரோடு பல்லாண்டு வாழ்ந்து, வரும் தையில் எங்கள் நடுவே தரையில் அமர்ந்து நாடகம் பாருங்கள்.

இம்மடலை வாசிக்குமுன் ஃபர்ஹா அந்தப் பதிலை உறையிலிட்டு ஒட்டினார். அரியலூர் வண்டியின் நடத்துநரிடம் கொடுத்தோம். வண்டி கிளம்பிவிட்டது. இனி எங்களில் எவர் மனம் மாறினாலும் பயனில்லை.

மாறா அன்புடன்,
பணிமனைத் தோழர்கள்