வாய் திறந்தால் அக்கா

"உனக்கு வாய் இருக்கா, இல்லையா?" என்று ஒன்பதாம் வகுப்பில் டீச்சர் என்னைக் கேட்டார்.

நியாயமான கேள்விதான். எழுந்து நின்று பாடத்தைப் படிக்கச் சொல்லியிருந்தார். புத்தகம் கையில் இருந்தது. பாடம் எனக்கு மனப்பாடம். ஆனால் வகுப்பு முழுதும் திரும்பிப் பார்த்தவுடன் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கடைசி பெஞ்சில் யாரோ "மியூட்ல இருக்கா டீச்சர்" என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவையை நல்லது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு அடுத்த வாரம் பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டேன். அம்மா கொஞ்ச நாள் அழுதாள், கொஞ்ச நாள் திட்டினாள், பிறகு பழகிக்கொண்டாள்.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துக் கொடுத்த வாயை அவளே மொத்தமாக வாங்கிக்கொண்டு முதலில் வந்துவிட்டாள் என்று அம்மா சொல்வாள். செருப்புக் கடைக்குப் போனால் கடைக்காரர் என்னைப் பார்த்துக் கேட்பார், பதில் அக்காவிடமிருந்து வரும். "அவளுக்கு நீலம்தான் பிடிக்கும், நீலமே எடுங்க." எனக்கு நீலம் பிடிக்காது. சொல்வதற்குள் பில் போட்டிருப்பார்கள். இப்போதும் என்னிடம் இருப்பதெல்லாம் நீலச் செருப்புதான்.

அவள் கெட்டவள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லப்போவதைக் கேட்டால், அவள் என்னைக் கொடுமைப்படுத்தியிருப்பாள் என்று நீங்கள் நினைக்கக்கூடும். அப்படி எதுவும் இல்லை.

அக்காவுக்கு டப்பிங் வேலை. ஜப்பான் கார்ட்டூனான ஓர் அனிமே தொடரில் சிட்டு என்ற பெண்ணுக்குக் குரல் கொடுத்தாள். நீங்கள் பார்த்திருக்கலாம். சிட்டு வகுப்புத் தலைவி. எல்லோருக்கும் செல்லம். யார் எதைக் கேட்டாலும் சிரித்த முகத்தோடு செய்துகொடுப்பாள். உள்ளுக்குள் அவளுக்கு அந்தச் சிரிப்பே வெறுத்துப்போய்விட்டது. தோழி வந்து வீட்டுப்பாடம் கேட்டால், "எடுத்துக்கோ, எடுத்துக்கோ" என்று வாய் சொல்லும். அடுத்த நொடி, உதடு மூடிய அதே சிரித்த முகத்தின் மேல் இன்னொரு குரல் கேட்கும்: "ஏன், உனக்குக் கை இல்லையா?" காட்சிக்குக் காட்சி இப்படி இரண்டு குரல்.

வெளிக்குரல் அக்காவுக்குத் தண்ணீர் குடிப்பதுபோல் வந்தது. உள்குரல் வரவில்லை. அவளுக்கு மனசில் ஒன்று, வாயில் ஒன்று என்று இருந்ததே இல்லை. பேசினால் நாடகத்து வில்லி மாதிரி இருந்தது. டப்பிங் இன்சார்ஜ் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அக்கா அவரிடம், "என் தங்கச்சி ஒருத்தி இருக்கா சார். மனசுக்குள்ளயே பேசிப் பேசித் தேறினவ" என்றாள். அப்படித்தான் நான் அந்த ஸ்டூடியோவுக்குப் போனேன்.

எனக்காக மைக் அறையில் விளக்கை அணைப்பார்கள். திரை வெளிச்சம் மட்டும் இருக்கும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்சார்ஜ் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். சவுண்ட் இன்ஜினியரை எல்லோரும் 'காது' என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் தலையைக் குனிந்துகொள்வார். யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் எனக்குப் பேச்சு வந்தது. முதல் நாளே எல்லா வசனத்தையும் முடித்தேன். சுவரைப் பார்த்தபடியே இன்சார்ஜ், "இந்தப் பொண்ணுக்குள்ள இவ்வளவு விஷமா?" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார்.

திரையில் அக்காவின் பெயர் மட்டும் வந்தது. சிட்டு ஒருத்திதான், அதனால் பெயரும் ஒன்றுதான் வேண்டும், இரண்டு பெயரைப் பார்த்தால் ரசிகர்களுக்கு மயக்கம் கலைந்துவிடும் என்று இன்சார்ஜ் விளக்கினார். நான் தலையாட்டினேன். ரசிகர் கூட்டங்களுக்கு அக்கா போவாள். அவளுடைய கைப்பை, தண்ணீர்ப் பாட்டில், போன் எல்லாவற்றையும் மடியில் வைத்துக்கொண்டு நான் கடைசி வரிசையில் இருப்பேன். ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது எழுந்து, "அந்த உள்குரலை மட்டும் எப்படி அப்படிப் பேசுறீங்க?" என்று கேட்பார்கள். அக்கா கூட்டத்தில் என்னைத் தேடுவாள். நான் குனிந்துகொள்வேன். "அது எங்கயோ உள்ளேர்ந்து வருது" என்பாள். கைதட்டுவார்கள்.

வீட்டுக்கு வரும்போது பஸ்ஸில் மன்னிப்பு கேட்பாள். "உன்னைக் கைகாட்டலாம்னுதான் பார்த்தேன் பாப்பா. நீதான் பயந்து குனிஞ்சுட்ட." அதுவும் உண்மைதான். எல்லாமே உண்மையாக இருந்தது, அதுதான் எரிச்சல். ஒருவர் பொய் சொல்லியிருந்தால்கூட எனக்குச் சண்டை போட ஓர் இடம் கிடைத்திருக்கும்.

என் சம்பளத்துக்கு இன்னொரு வேலையும் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். லிப் பார்ப்பது. பேசும் குரலும் திரையில் அசையும் வாயும் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்தால் மற்றவர்களுக்குக் கண் மரத்துப்போகும். அதனால் வாயை மட்டும் பார்க்க ஓர் ஆள். அந்த ஆள் 'ஒட்டலை' என்றால் இன்னொரு தடவை. அதில் இன்சார்ஜ்கூடக் குறுக்கே பேச மாட்டார். அனிமேயில் வாய் பெரும்பாலும் திறக்கும், மூடும், அவ்வளவுதான். தொடக்கமும் முடிவும் சரியாக இருந்தால் ஒட்டிவிடும். இதில் வேடிக்கை என்னவென்றால், உள்குரல் வரும்போது சிட்டுவின் உதடு மூடியே இருக்கும். ஆகவே என் குரலை யாரும் சரிபார்க்க வேண்டியதில்லை. ஊரில் உள்ள எல்லா வாயையும் நான் பார்த்தேன். என் குரலுக்கு வாய் கிடையாது.

தொடரின் முதல் பாகத்தில் கடைசிப் பகுதி வந்தது. அதில் பள்ளிக்கூட மேடையில், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, சிட்டுவின் சிரிப்பு உடைகிறது. இத்தனை நாள் மூடிய உதட்டுக்குப் பின்னால் இருந்தவள் முதல்முறையாக வாயைத் திறந்து அலறுகிறாள். வசனம் இல்லை. ஒரே ஒரு நீண்ட அலறல்.

அது என்னுடையது. அதில் யாருக்கும் சந்தேகம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. என் வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு மனிதரிடம் நானாகப் போய் ஒன்றைக் கேட்டேன். இன்சார்ஜ் கனிவாகத்தான் பதில் சொன்னார். "வாய் திறந்தா அக்கா. வாய் மூடியிருந்தா நீ. கணக்கு அவ்வளவுதான்ம்மா."

எனக்காக அக்கா அவரிடம் வாதாடினாள். அதையும் சொல்லிவிட வேண்டும். அவர் மசியவில்லை. பதிவு நாளன்று, பழைய கம்பளங்கள் போட்டிருக்கும் அறைக்கு என்னைக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். ஒரு தடவை கத்திக் காட்டச் சொன்னாள்.

"எனக்கு எப்படிக் கத்தணும்னே தெரியலடி. நீ கத்து, நான் அப்படியே பிடிச்சுக்கிறேன்."

கம்பளச் சுருள்களைப் பார்த்துக்கொண்டு கத்தினேன். முடிந்ததும் திரும்பினேன். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. "இவ்வளவுமா உள்ள வச்சிருக்க?" என்று என் தலையைத் தடவினாள். தடவிவிட்டு, அந்த அலறலை எடுத்துக்கொண்டு மைக் அறைக்குப் போனாள்.

அவளுக்குச் சில வாரங்களாகவே தொண்டை கட்டியிருந்தது. இரண்டு நாள் முன்பு ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள் கேமரா விட்டுப் படம் எடுத்திருந்தார்கள். பெரிய டாக்டர் பார்த்த பிறகு கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். மைக் அறைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் அக்காவின் போன் எப்போதும் என் கையில்தான். அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டிருக்கும்போது அது அதிர்ந்தது. நடைபாதைக்கு வந்து எடுத்தேன்.

உதவி டாக்டர் பேசினார். பெண். அக்காவின் பெயரைச் சொல்லி, நீங்கள்தானே என்று கேட்டார்.

அக்கா போனை எடுத்தால் முதல் சொல்லிலேயே ஒரு சிரிப்பு கலந்திருக்கும். நான் அந்தச் சிரிப்பையும் போட்டு, "ஆமா டாக்டர்" என்றேன்.

எதற்காக அப்படிச் சொன்னேன் என்று நீங்கள் கேட்பீர்கள். செருப்புக் கடையில் எனக்காக அவள் பதில் சொல்வதில்லையா? ஒரு தடவை அவளுக்காக நான் சொன்னேன்.

குரல்நாணில் ஒரு ரத்தக்குழாய் வீங்கியிருக்கிறது என்றார் டாக்டர். மறுநாள் காலை வர வேண்டும், அதுவரை சத்தமே கூடாது, கிசுகிசுப்புகூடக் கூடாது, கத்தினால் வெடித்துவிடும், பிறகு பழைய குரல் திரும்பும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது என்றார்.

"இனிமே வாயே திறக்கல டாக்டர்" என்றேன், அக்காவின் குரலில். அவர் சிரித்தார். "வாயாடிங்க எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க" என்றார். நானும் சிரித்தேன். அவ்வளவு சுலபமாக நான் யாரிடமும் பேசியதே இல்லை.

உள்ளே போய் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். சொல்லக் கூடாது என்று முடிவெடுத்தேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். முடிவெடுக்கவில்லை. ஒன்றைச் சொல்லாமல் இருப்பது எனக்குப் பழக்கம். அதற்கென்று நான் தனியாக எதுவும் செய்ய வேண்டியதே இல்லை.

முதல் டேக்கில் அக்கா அலறினாள். என் அலறல் அப்படியே வந்தது, மூச்சு உடையும் இடம் உட்பட. இன்சார்ஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டு வழக்கப்படி என் பக்கம் திரும்பினார். நான், "ஒட்டலை" என்றேன்.

அக்கா திரும்ப அலறினாள். ஒட்டலை என்றேன். தொடக்கம் பிந்திவிட்டது என்றேன். அடுத்ததற்கு, வாய் மூடிய பிறகும் சத்தம் இருக்கிறது என்றேன். காது மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தார். "எனக்கு ஒட்டுற மாதிரிதாம்மா கேட்குது." நான் பதில் சொல்லவில்லை. அது அவருக்கு வினோதமாகப் பட்டிருக்காது, நான் எப்போதுமே பதில் சொல்வதில்லை. கண்ணாடிக்கு அப்பால் அக்கா தண்ணீர் குடித்துவிட்டுக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். "பரவால்ல சார், பாப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும். இன்னொண்ணு போலாம்." குரல் அப்போதே கரகரத்துவிட்டது.

எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. கடைசித் தடவையில் துணி கிழிவதுபோல் ஒரு சத்தம் வந்தது. பிறகு அக்கா வாயைத் திறந்தபடி நின்றாள், சத்தம் வரவில்லை. அவளுக்கு எதிரே திரையில் சிட்டுவும் வாயைத் திறந்தபடி நின்றாள். அந்த ஒரு டேக்கில்தான் உண்மையாகவே ஒட்டவில்லை. அதற்கு முன்னால் எல்லாமே ஒட்டியிருந்தன. முதல் டேக் இம்மி பிசகாமல் ஒட்டியிருந்தது. எனக்குத் தெரியும், நான் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று அக்கா கையைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் போனது நான்தான். கைக்குட்டையில் ரத்தம் இருந்தது. அவள் பயந்துபோயிருந்தாள். அதனால் அவளுக்காக எல்லாக் கேள்விக்கும் நானே பதில் சொன்னேன். வரவேற்பில், ஸ்கேன் அறையில், டாக்டரிடம். வாய் குழறவே இல்லை.

பழைய குரல் வரவில்லை. காற்று மட்டும் வந்தது. தொடரின் அடுத்த பாகத்துக்கு என்ன செய்வது என்று இன்சார்ஜ் தவித்தார். விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டு நான் சிட்டுவின் வெளிக்குரலைப் பேசிக் காட்டினேன். நாற்காலியோடு திரும்பினார். "இத்தனை நாளா இதை எங்கம்மா ஒளிச்சு வச்சிருந்த?" என்றார். இப்போது இரண்டு குரலும் நான்தான். திரையில் இன்னும் அக்காவின் பெயர்தான் வருகிறது. ரசிகர்களுக்குத் தெரியக் கூடாதாம். இதற்கு மேல் நான் என்ன செய்வது, நீங்களே சொல்லுங்கள்.

கடைசிப் பகுதி ஒளிபரப்பானபோது அந்த அலறல் வந்தது. முதல் டேக். அடுத்த நாள் காது என்னிடம், "முதல்ல பண்ணதையேதான் போட்டேன். அது கரெக்டா இருந்துச்சு" என்றார். அதற்குப் பிறகு அவர் என்னோடு டீ குடிக்க வருவதில்லை.

போன வாரம் அக்காவை மறுபரிசோதனைக்குக் கூட்டிப்போனேன். அந்த உதவி டாக்டர் இருந்தார். நல்லவர், ஆனால் மனசு தாங்காமல் கோபப்பட்டார்.

"அன்னிக்கு மத்தியானம் போன்ல நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. நீங்களே 'இனிமே வாயே திறக்கல'ன்னு சிரிச்சீங்களே. அப்புறம் போய்க் கத்தியிருக்கீங்க."

அக்கா புரியாமல் அவரைப் பார்த்தாள். பிறகு என் மடியில் இருந்த தன் போனைப் பார்த்தாள். அதன் பிறகு என்னைப் பார்த்தாள். உலகத்தில் அவளைப் போலச் சிரித்துப் பேசக்கூடியவர் வேறு யார் என்று அவள் தேட வேண்டியிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பையில் துணிகளை எடுத்து வைத்தாள். அம்மா எங்கே போகிறாய், என்ன ஆயிற்று என்று மாறி மாறிக் கேட்டாள். நான் வாசலில் நின்றேன். மருந்துச் சீட்டையும் சால்வையையும் நீட்டினேன், வெளியே குளிராக இருந்தது. அவள் வாங்கிக்கொள்ளவில்லை. என்னைத் தள்ளிவிடக்கூட இல்லை, பக்கவாட்டில் திரும்பி என் மேல் படாமல் படியிறங்கிப் போனாள்.

அவளுக்கு என்மேல் கோபம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இருந்தால் போகும்போது ஒரு வார்த்தையாவது சொல்லியிருப்பாள்.