ஓடைக்குள்ள போற தடம்

இங்குட்டுத் திருப்புங்க டிரைவரண்ணே. ரோட்டுல போனா ஊரையே சுத்தணும். ஓடைக்குள்ள எறங்கி அங்குட்டு ஏறுனா கண்டனூருக்குக் கிட்டப் போயிரலாம். எந்நேரமும் மாட்டு வண்டி போற தடந்தான், பயப்படாதீக.

ஏத்திக்கிட்டீகளே, நல்லா இருப்பீக. இந்த வெயில்ல எங்க நடக்க? ஆமா, வெறுங்குடந்தான். ஏன், சகுனம் பாக்குறீகளா?

கலியாணத்துக்காமுல்ல இந்தத் தண்ணி? கலியாண வீட்டுக்காரக பினாங்குலருந்து கப்பல்ல வந்திருக்காகளாம். பூட்டிக் கெடந்த வீடு, கழுவி விடவே இந்த டேங்கு பத்தாதே.

எங்க ஊருணியில நாங்க காலு நனைக்க மாட்டோம் தெரியுமா? படியில நின்னு குனிஞ்சு, குடத்த முக்கி எடுத்துட்டு வந்துருவோம். மாடு எறங்குனாக்கூட ஊருக்குத் தெண்டம் கட்டணும். நீங்க காலையில டயரு முங்க லாரிய உள்ள விட்டு, குழாயப் போட்டு உறிஞ்சுனீக. பிரசிடெண்டு சரின்னுட்டாருன்னீக. அவருக்கென்ன, வீட்டுக்குள்ளயே கெணறு கெடக்கு. எங்களுக்குச் சேறுதான் மிச்சம்.

எம் மக மலையம்மா முந்தாநாத்து பிள்ளை பெத்துப் படுத்திருக்கா. பச்சை ஒடம்புக்காரி. ஒரு வாய் வெந்நி வச்சுக் குடுக்க நல்ல தண்ணியில்ல. கோவமா? ஒங்க மேல எனக்கென்ன கோவம்? வயிறு எரியுது, அம்புட்டுத்தான்.

இந்த ஓடை மணலுலதான் ரெண்டு கோடையா ஊத்துத் தோண்டுனோம். ஆளு ஒசரத்துக்குத் தோண்டுவோம். வத்திப்போனா மண்ணத் தள்ளிட்டுப் பக்கத்துல தோண்டுவோம். மேல பாத்தா ஒண்ணும் தெரியாது, உள்ள பூராம் பொதபொதன்னு கெடக்கும். வீரணன் வண்டிமாடு இங்ஙனதான் எறங்கிக் கால ஒடிச்சிக்கிருச்சு. அதுலருந்து எந்த வண்டியும் இங்குட்டு வாரதில்ல.

அப்பிடியா சொன்னேன்? சொல்லியிருப்பேன்.

ஐயய்ய, எஞ்சின முறுக்காதீக. முறுக்க முறுக்கக் கீழதான் போகும். பின்டயரு அச்சு வரைக்கும் போயிருச்சு பாருங்க. கத்தியும் பிரயோசனமில்ல அண்ணே, சத்தம் கேட்டு ஓடியாந்தா எங்க ஊரு ஆளுகதான் வருவாக.

பாரங் கொறஞ்சாத்தான் வண்டி மேல வரும். அதுக்காக மணலுல கொட்டி வீணாக்க வேணாம். அந்தா, கரைமேல பொம்பளைக குடத்தோட நிக்கிறாகல்ல? நான் ஒங்க லாரியில ஏறுறதுக்கு முந்தியே வந்து நிக்கிறாக.

எறங்கிக் குழாயத் தொறங்கண்ணே. மொதல்ல இந்த வெறுங்குடத்த நெறச்சு விடுங்க. எம் மக நாக்கு வறண்டு கெடக்கா.